புள்ளி மறைந்த பிறகுதான் கவனம் வேண்டும்: புதிய கடல்மீனைத் தனியே வைப்பது ஏன், எப்படி?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் 300 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஒரு சோடிக் கோமாளி மீன், இரண்டு டாம்செல், மணலுக்குள் குடியிருக்கும் ஒரு உழுவை. நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை. அப்புறம் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஒரு பவுடர் புளூ டேங் எடுப்பித்தேன். நீல உடம்பு, கறுத்த முகம், மஞ்சள் முதுகுச் செட்டை. எங்கள் இலங்கைக் கடலில் திரிகிற மீன்தான். பொலித்தீன் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, நேரே பெரிய தொட்டிக்குள் விட்டேன்.

மூன்றாம் நாள் அதன் செட்டையில் உப்புத் தூள் தூவினதுபோல ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஆறாம் நாள் காலையில் ஒன்றையும் காணவில்லை. அக்காவின் மகன் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "மாமா, புள்ளியெல்லாம் போட்டுது! மீன் சுகமாயிட்டுது!" எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

பதினோராம் நாள் எல்லா மீன்களிலும் புள்ளி. எண்ண முடியாத அளவு. மேற்பரப்பில் வந்து நின்று மூச்சு வாங்கின. பதினாறாம் நாள் உழுவை மட்டும் மிஞ்சியது. என் விரலில் இருந்து தீன் வாங்கித் தின்ற கோமாளிச் சோடியைத் தேசிக்காய் மரத்தடியில் புதைத்தேன்.

அந்த ஆறாம் நாள் காலையில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால், புதிய மீனைத் தனியே வைப்பதன் முழு நியாயமும் விளங்கிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளி ஒரு கொப்புளம் அல்ல. அது ஒரு உயிர். கிரிப்டோகாரியன் இர்ரிடன்ஸ் என்று அதற்குப் பெயர். உடம்பைச் சுற்றி மெல்லிய மயிர் உள்ள, ஒற்றைக் கல ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து, மீனின் உயிரணுக்களையும் உடல்நீரையும் தின்று பருக்கும். பருத்த பிறகுதான் எங்கள் கண்ணுக்கு ஒரு உப்புத் துகள் அளவில் தெரியும். மீனில் அது இருப்பது 3 நாள் முதல் 7 நாள் வரைதான். வயிறு நிரம்பியதும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். அன்றைக்குத்தான் நாங்கள் "புள்ளி போட்டுது" என்று சந்தோசப்படுகிறோம்.

இறங்கியது சாகவில்லை. அடியில் உள்ள மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஊர்ந்து போய் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கடினமான கூட்டைக் கட்டும். அந்தக் கூட்டுக்குள் இரண்டாய், நாலாய், எட்டாய்ப் பிரியும். ஒரு கூட்டுக்குள் 200 குஞ்சுகள் வரைக்கும் உண்டாகலாம். பல கூடுகள் 3 நாளில் இருந்து 28 நாளுக்குள் உடையும். 72 நாள் வரை பொறுத்திருந்து உடைந்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. கூடு உடைந்ததும் வெளியே வருகிறவை நீந்தி ஒரு மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

இப்போது என் தொட்டியை நினைத்துப் பாருங்கள். 8 புள்ளி இறங்கியது. கூட்டுக்கு 200 என்றால் 1600 குஞ்சு. கடலில் இதே 1600 வெளிவந்தால், மீன் வெகுதூரம் போயிருக்கும். ஏறக்குறைய எல்லாம் பட்டினியில் சாகும். ஆகவேதான் கடலில் இந்த ஒட்டுண்ணி இருந்தும் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதில்லை. என் 300 லீற்றரில் மீன் எங்கே ஓடும்? இன்னொரு விசயமும் இருக்கிறது. இந்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவதும் கூட்டை விட்டு வருவதும் பெரும்பாலும் இருட்டு நேரத்தில். மீன் ஒரு கல்லிடுக்கில் அசையாமல் உறங்குகிற நேரம் அது. அதே இடுக்கில்தான் நேற்று இறங்கியவையும் கூடு கட்டியிருக்கும். தொட்டிக்குள் ஒட்டுண்ணிக்குத் தேடவேண்டிய வேலையே இல்லை. கடலில் வலைக்கூண்டு அமைத்து மீன் வளர்க்கும் கலவாய், கொடுவாப் பண்ணைகளில் இதே வருத்தம் பெரும் நட்டத்தைக் கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான்: அடைபட்ட இடம், நெருக்கமான மீன்.

மனிதருக்கு இது தொற்றாது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வந்தால் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். வழியில் போகிறவர் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவார். அது வருத்தம் வெளியே தெரிந்த பிறகு செய்கிற காரியம். தனிமைப்படுத்தல் என்பது அதற்கும் முந்தின காரியம். கொப்பளிப்பான் தொற்றிய பிள்ளையின் உடம்பில் கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் பிள்ளை ஓடி விளையாடும், நன்றாகச் சாப்பிடும். 2020 இல் கொரோனாக் காலத்தில் காய்ச்சலே இல்லாதவர்களையும் 14 நாள் மறித்து வைத்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். அவர்கள் நோயாளி என்பதால் அல்ல. நோய் இருந்தால் அது வெளியே வருவதற்குரிய நாளைக் கொடுப்பதற்காக. மீனுக்கும் அதுதான். தொடங்குகிறவர்கள் பலர் "மீன் நல்ல சுகமாக இருக்கிறது, பிறகு ஏன் தனியே வைப்பது?" என்று கேட்கிறார்கள். சுகமாக இருக்கிற மீனைத்தான் தனியே வைக்கவேண்டும். ஒரு முறை இந்த வருத்தத்தில் இருந்து தப்பிய மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். அது செவுளில் சில ஒட்டுண்ணிகளோடு, தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல், மாதக்கணக்கில் திரியக்கூடும். கடையில் அதைப் பார்த்தால் அந்தத் தொட்டியிலேயே திறமான மீனாகத் தெரியும்.

செவுள் என்று சொல்லும்போது, மீன் வெட்டுகையில் நாங்கள் 'பூ' என்று கழித்துவிடுகிற சிவந்த பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். மீனின் சுவாசப்பை அதுதான். தோலில் உள்ள புள்ளி மீனைக் கொல்வது அரிது. செவுளில் உள்ளதுதான் கொல்லும். அதனால் புள்ளியை எண்ணுவதைவிட மூச்சை எண்ணுவது நல்ல பழக்கம். மீன் அசையாமல் நிற்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தரம் செவுள்மூடி திறந்து மூடுகிறது என்று வந்த அன்றே எண்ணி எழுதி வையுங்கள். பிறகு அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், தோல் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே ஏதோ நடக்கிறது.

வெள்ளைப் புள்ளி மட்டும்தான் எதிரி என்று நினைக்கவேண்டாம். அதைவிட வேகமானது வெல்வெட். அமிலோடினியம் என்ற ஒட்டுண்ணி. மீனின் மேல் மங்கிய பொன் தூள் பூசினதுபோல, சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும். தெரிவதற்கு முன்பே செவுளை மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யக்கூடியது. கோமாளி மீன்களில் புரூக்லினெல்லா என்று இன்னொன்று வரும். தோல் முழுக்கச் சளி பிடித்து உரிந்துபோகும். இவை தவிர தட்டைப்புழுக்கள் இருக்கின்றன. கண்ணாடிபோல நிறமில்லாமல் தோலிலும் கண்ணிலும் ஒட்டியிருக்கும். மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால், கண் புகைபடிந்ததுபோல இருந்தால் இவற்றைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: பெரிய தொட்டிக்குள் போன பிறகு வைத்தியம் செய்ய வழி மிகக் குறைவு. மருந்து பவளத்தையும் நத்தையையும் இறாலையும் கொல்லும், கல்லும் மணலும் மருந்தை உறிஞ்சும். அதனால்தான் வேறு தொட்டி.

அந்த வேறு தொட்டி அழகாக இருக்கத் தேவையில்லை. 50 முதல் 80 லீற்றர் போதும், ஒன்றிரண்டு சின்ன மீனுக்கு. அடியில் மணல் போடக்கூடாது, கல் வைக்கக்கூடாது. ஒட்டுண்ணி கூடு கட்டுவதற்கு இடம் கொடுக்கவேண்டாம், மருந்தையும் வீணாக்கவேண்டாம். ஆனால் ஒளிக்க இடம் இல்லாத மீன் பயத்திலேயே நலியும். ஹாட்வெயார் கடையில் பிவிசி குழாய்த் துண்டும் முழங்கை வளைவும் இரண்டு மூன்று வாங்கிப் போடுங்கள். மீனுக்கு அது கல்வீடு மாதிரி. மேலே வலை போட்டு மூடுங்கள். புதிதாய் வந்த மீன் துள்ளிக் குதிக்கும். காற்றுப் பம்பு ஒன்று, பஞ்சு வடிகட்டி ஒன்று, அமோனியாப் பரிசோதனைப் பொருள் ஒன்று, உப்பு அளக்கும் கருவி ஒன்று. வலை, குழாய், வாளி, துவாய் எல்லாம் இந்தத் தொட்டிக்கென்றே தனியாக வேண்டும். ஒரே வலையை இரண்டு தொட்டிக்கும் பயன்படுத்தினால் தனிமைப்படுத்தல் அந்த நிமிடமே முடிந்துபோகும். வெல்வெட்டின் நீந்தும் குஞ்சுகள் நீரில் எழும் நுண்துளிகளோடு காற்றிலும் போகக்கூடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆகவே இரண்டு தொட்டிக்கும் இடையே குறைந்தது 3 மீற்றர் தூரம் விடுங்கள். நான் இப்போது விறாந்தையில் பெரிய தொட்டியையும், பின்பக்கச் சாமான் அறையில் சின்னத் தொட்டியையும் வைத்திருக்கிறேன். பெரியதைப் பார்த்து முடித்த பிறகே சின்னதிடம் போவேன். கை கழுவாமல் திரும்பி வரமாட்டேன்.

பஞ்சு வடிகட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தனித்தொட்டியில் ஒட்டுண்ணியால் சாகிற மீனைவிட அமோனியாவால் சாகிற மீன்தான் கூடுதல் என்று என் அனுபவத்தில் நம்புகிறேன். மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாக மாறும். பழைய தொட்டியில் அதைத் தின்று கரைக்கப் பற்றீரியாக்கள் இருக்கின்றன. நேற்றுக் கழுவி வைத்த புதுத் தொட்டியில் ஒன்றும் இல்லை. கடல்நீரின் காரத்தன்மையும் எங்கள் ஊர்ச் சூடும் சேர்ந்தால் கொஞ்ச அமோனியாவும் நஞ்சாகும். மீன் வாங்க முடிவெடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பஞ்சைப் பெரிய தொட்டியின் வடிகட்டிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பற்றீரியா அதில் குடியேறிவிடும். மீன் வருகிற அன்று அதை எடுத்துத் தனித்தொட்டியில் வைத்தால் வேலை முடிந்தது. பெரிய தொட்டி சுகமாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நீர் எங்கே எடுப்பது? யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்குச் சுற்றிவரக் கடல். ஆனால் பண்ணைப் பாலத்தடியில் நின்று வாளியில் மொண்டுகொண்டு வருவது சரிவராது. களப்பு நீர் ஆழமில்லாதது. கார்த்திகை, மார்கழி மழையில் அதன் உப்பு இறங்கும், கோடையில் கடலைவிடவும் ஏறும். பட்டினத்தின் கழிவும் சேரும். எடுப்பதென்றால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கத்து வெளிக்கடலில், மழை இல்லாத நாளில் எடுங்கள். துணியில் வடித்து, மூடிய பீப்பாயில் இருட்டில் சில வாரம் வைத்திருந்து, அளந்து பார்த்துப் பாவியுங்கள். கடல்நீரின் சாரடர்த்தி 1.025 அளவில் இருக்கவேண்டும். கடல்நீர்த் தொட்டிக்கென்று பொதியில் விற்கிற உப்பைக் கரைக்கிறவர்கள் கிணற்று நீரைக் கவனிக்கவேண்டும். தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்றுக் கூடுதலாக ஊறியிருக்கும். கரையோரக் கிணறுகளில் ஏற்கெனவே உப்பு இருக்கும். வடித்துச் சுத்தமாக்கிய நீர் வாங்கிக் கரைப்பதே நிம்மதி.

மீன் வந்து சேருகிற நேரம் அடுத்த கண்டம். கொழும்பிலிருந்து பையில் வந்த மீன் 8 மணித்தியாலத்துக்கும் மேல் தன் கழிவுக்குள்ளேயே இருந்திருக்கும். பை மூடியிருக்கும்வரை மீன் விட்ட கரியமிலவாயு நீரைக் கொஞ்சம் அமிலமாக்கி வைத்திருக்கும். அந்த அமிலத்தில் அமோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்த உடன் வாயு வெளியேறும், காரம் ஏறும், அடங்கியிருந்த அமோனியா நஞ்சாக மாறும். "மெல்ல மெல்லப் பழக்கவேண்டும்" என்று திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாய் நீர் விடுகிறவர்கள் அன்பினால்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் மீன் அந்த நேரம் முழுக்க எரிந்துகொண்டிருக்கும். நான் செய்வது இது: கடைக்காரரிடம் அவருடைய தொட்டியின் உப்பளவை முன்னமே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவுக்குத் தயார் செய்வேன். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிடுவேன், சூடு சமமாகும். திறந்து, உப்பை அளந்து, சரி என்றால் மீனை மட்டும் எடுத்து உடனே விட்டுவிடுவேன். பை நீரைத் தொட்டிக்குள் ஊற்றவே மாட்டேன். அந்த நீரில்தான் நீந்துகிற குஞ்சுகள் இருக்கக்கூடும்.

முதல் நாள் விளக்குப் போடாமல் விடுங்கள். இரண்டாம் நாளில் இருந்து சின்னதாய் நறுக்கிய இறால் கொடுத்துப் பாருங்கள். தின்கிற மீன் பாதிக் கரை சேர்ந்த மீன்.

இனி வைத்தியம். தொடங்குகிறவர்களுக்கு, அதிலும் எங்கள் ஊரில் இருக்கிறவர்களுக்கு, நான் முதலில் சொல்வது மருந்தில்லாத முறை: தொட்டி மாற்றுதல். இரண்டு பிளாஸ்ரிக் பெட்டி போதும், ஒவ்வொன்றும் 40 லீற்றர் அளவில். ஒட்டுண்ணியின் நாட்கணக்கையே அதற்கு எதிராகத் திருப்புகிற முறை இது. மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சு வெளியே வர எப்படியும் 3 நாள் வேண்டும் அல்லவா? அந்த 3 நாள் முடிவதற்குள் மீனை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால், இறங்கியவை எல்லாம் பழைய பெட்டியில் தங்கிப்போகும். அவற்றின் குஞ்சு வெளியே வரும்போது அங்கே மீன் இருக்காது.

ஆக, 1 ஆம் நாள் மீன் முதற் பெட்டியில். 4 ஆம் நாள் இரண்டாம் பெட்டிக்கு. முதற் பெட்டியையும் அதற்குள் இருந்த குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் கழுவி, வெயிலில் கவிழ்த்து முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்தால் கூடு சாகும். இந்த வேலைக்கு யாழ்ப்பாணத்து வெயிலைவிட நல்ல உதவியாள் கிடைக்கமாட்டார். 7 ஆம் நாள் காய்ந்த முதற் பெட்டியில் புது நீர் விட்டு மீனைத் திரும்ப மாற்றுங்கள். 10 ஆம் நாள் மறுபடி இரண்டாம் பெட்டி. 13 ஆம் நாள் கண்காணிப்புத் தொட்டிக்கு, அதாவது அதுவரை மீன் விடாமல் வைத்திருந்த தனித்தொட்டிக்கு. மீனில் இருந்தவை எல்லாம் அதற்குள் இறங்கி முடிந்திருக்கும், புதிதாய் ஏற ஒன்றும் இருந்திருக்காது. மாற்றும்போது நீர் கூடப் போகாமல் மீனை மட்டும் எடுக்கவேண்டும். 72 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. முன்னதாக மாற்றினாலும் பரவாயில்லை, பிந்தக்கூடாது. "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, நாளைக்குச் செய்வோம்" என்று ஒரு நாள் தள்ளினால் செய்த எல்லாம் வீண். ஒவ்வொரு முறையும் முழு நீரும் புதிது என்பதால் பஞ்சு வடிகட்டிகூட அவசியமில்லை. காற்றுப் பம்பு ஓடினால் போதும், தீனை அளவாகக் கொடுங்கள், அமோனியாவை அளந்து பாருங்கள்.

இந்த முறை வெள்ளைப் புள்ளிக்குத்தான். வெல்வெட்டையோ புரூக்லினெல்லாவையோ இது நிறுத்தாது. அவற்றுக்காகத்தான் மாற்றல் முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் கண்காணிப்புத் தொட்டியில் வைத்திருக்கிறோம். வெல்வெட் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் முகத்தைக் காட்டிவிடும்.

வெல்வெட் வந்தால் செம்புதான் வழி. செம்பு மருந்து வெள்ளைப் புள்ளிக்கும் வேலை செய்யும். ஆனால் மீனில் இருக்கிற ஒட்டுண்ணியையும் கூட்டுக்குள் இருக்கிறதையும் அது தொடாது. நீந்துகிற குஞ்சை மட்டுமே கொல்லும். அதனால்தான் அளவு குறையாமல் 30 நாள் வைத்திருக்கவேண்டும். புள்ளி மறைந்தது என்று பத்தாம் நாள் நிறுத்தினால் என் ஆறாம் நாள் கதைதான் திரும்பவும் நடக்கும். சாதாரணச் செம்பு மருந்துக்கு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்பது அளவு. வேறு பொருளோடு பிணைத்துச் செய்த செம்பு மருந்துகளுக்கு அளவு இதைப்போலப் பத்து மடங்கு, போத்தலில் எழுதியபடி. இரண்டையும் மாற்றிக்கொண்டால் மீன் போய்விடும். செம்பு அளக்கும் பொருள் கையில் இல்லாமல் செம்பைத் தொடவே வேண்டாம். அளவுக்கு ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். அமோனியாவைப் பிணைக்கிற திரவங்களைச் செம்போடு சேர்க்கவேண்டாம், சிலது செம்பை இன்னும் நஞ்சாக்கும்.

பக்கத்து வீட்டு ஐயா முந்திரிகைப் பந்தல் வைத்திருக்கிறவர். இலைக்கு அடிக்கிற போர்டோக் கலவை அவர் வீட்டில் எப்போதும் இருக்கும். நான் செம்பு மருந்து தேடித் திரிந்ததைக் கேள்விப்பட்டு வேலியடியில் நின்று கூப்பிட்டார்: "தம்பி, உது மயில்துத்தந்தானே? என்னட்டைக் கிடக்கு, ஒரு பிடி தரட்டே?" நல்ல மனத்தோடு கேட்டார். "வேண்டாம் ஐயா, இதுக்கு ஒரு சிட்டிகையிலையும் சின்னப் பங்குதான் வேணும்" என்று சொன்னேன். மயில்துத்தமும் செம்பு உப்புத்தான், அடிப்படையில் பொருள் ஒன்றுதான். ஆனால் பயிருக்கு விற்கிறதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, கண்ணளவில் போடக்கூடிய மருந்தும் இது அல்ல.

உப்பைக் குறைத்து வைக்கிற முறையையும் சிலர் சொல்வார்கள். சாரடர்த்தியை 1.009 க்கு இறக்கி ஒரு மாதம் வைத்தால் வெள்ளைப் புள்ளியின் கூடு வெடித்து அழியும். மீன் தாங்கும். ஆனால் கொஞ்சம் ஏறினாலும் பலன் இல்லை. வெல்வெட்டை அது ஒன்றும் செய்யாது. துல்லியமான கருவியும் தினமும் அளக்கிற பொறுமையும் உள்ளவர்களுக்கு அது சரி.

தட்டைப்புழுவைக் கண்டுபிடிக்க நன்னீர்க் குளியல் நல்ல வழி. உப்பில்லாத நீரை, தொட்டியின் சூட்டுக்கும் காரத்துக்கும் சமப்படுத்தி, காற்று விட்டு, மீனை 5 நிமிடம் அதில் வையுங்கள். காரம் குறைவென்றால் அப்பச்சோடா கொஞ்சம் சேர்க்கலாம். புழு இருந்தால் வெள்ளையாக மாறி, எள்ளுப்போல அடியில் விழும். மீன் சரிந்தால் அந்தக் கணமே எடுத்துவிடவேண்டும். புழு கண்டால் பிராசிகுவாண்டல் மருந்து. ஒரு வாரம் கழித்து இரண்டாவது தரமும் போடவேண்டும், ஏனென்றால் முதல் தரம் முட்டைகள் சாவதில்லை. அந்த மருந்து போடும் நாட்களில் நீரில் ஒட்சிசன் குறையும், காற்றுப் பம்பைக் கூட்டி விடுங்கள்.

உள்ளிச் சாறு, மஞ்சள், வேப்பிலை என்று வீட்டு வைத்தியம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளியில் ஊறிய தீனைச் சில மீன் விரும்பித் தின்னும், அவ்வளவு நன்மை. ஒட்டுண்ணியை அது கொல்லும் என்று நம்பி நாளைக் கடத்தவேண்டாம். துப்புரவு செய்யும் இறால் விட்டால் புள்ளியைப் பிடுங்கித் தின்னும் என்பதும் அப்படியே. புள்ளி இருப்பது தோலுக்கு அடியில், அதற்கு எட்டாது.

நத்தை, நண்டு, பவளத் துண்டு, கல் இவற்றுக்கு இந்த வருத்தம் வராது. ஆனால் அவற்றின் ஓட்டிலும் கல்லிலும் கூடு ஒட்டிக்கொண்டு வரலாம். மீன் இல்லாத ஒரு தொட்டியில் 76 நாள் வைத்திருந்து சேர்ப்பதே முழுப் பாதுகாப்பு. 72 நாள் பொறுத்த கூட்டின் கணக்குக்கு மேல் சில நாள் சேர்த்த கணக்கு அது. ஏற்கெனவே வருத்தம் வந்துவிட்ட பெரிய தொட்டிக்கும் அதே 76 நாள்தான். எல்லா மீனையும், ஒன்றுகூட விடாமல், வெளியே எடுத்து வைத்தியம் செய்ய, தொட்டி மீனில்லாமல் வெறுமையாய்க் கிடக்கவேண்டும். நான் அந்த உழுவையைப் பிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கக் கல்லைக் கல்லாக எடுத்தேன். பிறகு 76 நாள் வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னேன். அந்த நாட்களில்தான் இந்த வருத்தத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பவளம் என்றவுடன் ஒன்று: கடலில் இருந்து பவளம் உடைத்து எடுப்பது எங்கள் நாட்டில் சட்டப்படி தடை. தொட்டிக்காக ஒரு துண்டும் உடைக்கவேண்டாம்.

எங்கள் காலநிலையைப் பற்றியும் ஒரு சொல். சித்திரை, வைகாசியில் சின்னத் தொட்டி நீர் மத்தியானம் 30 பாகையைத் தாண்டும். சூடு கூடினால் ஒட்டுண்ணியின் நாட்கணக்கு வேகமாகும், நீரில் ஒட்சிசன் குறையும், நீர் ஆவியாகி உப்பு ஏறும். தினமும் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீர் விட்டு நிரப்புங்கள், தொட்டியைக் குளிர்ந்த அறையில் வையுங்கள். மார்கழி, தை இரவுகளில் அறை 22 பாகைக்கு இறங்கும். அப்போது ஒரு சின்ன வெப்பமூட்டி உதவும். கரண்ட் பற்றி எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2022 இல் நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்ததைக் கண்டவர்கள் நாங்கள். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைத் தனித்தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். வடிகட்டி நின்றால் மீன் சில மணித்தியாலம் தாங்கும், காற்று நின்றால் தாங்காது.

இப்போது அக்காவின் மகன் உயர்தரம் படிக்கிறான். மீன் வந்தால் நாள்காட்டியில் வட்டம் போடுவது அவன் வேலை. போன மாதம் ஒரு புதுக் கோமாளிச் சோடி வந்தது. ஐந்தாம் நாள் ஒன்றின் செட்டையில் இரண்டு புள்ளி. எட்டாம் நாள் காணவில்லை. "மாமா, இறங்கிட்டுது. நாளண்டைக்கு மாத்தவேணும், என்ன?" என்று கேட்டான். "ஓமப்பன், காலமையே மாத்துவம்" என்றேன்.

கடைசியாக நாட்கணக்கில் பலர் விடுகிற ஒரு பிழை. ஒரு மீன் 20 நாள் தனியே இருந்த பிறகு இன்னொரு மீன் கிடைத்து, அதையும் அதே தொட்டிக்குள் விட்டால், பழைய மீனின் 20 நாளும் இல்லாமல் போகும். இரண்டுக்கும் அன்றுதான் 1 ஆம் நாள்.